படத்தில் ஏறிய மாப்பிள்ளை

கூகைப்பட்டிக்காரர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று மட்டும் யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது. அந்தப் பக்கம் சட்டம் வருவதே அபூர்வம். வந்துவிட்டால் சம்பந்தி வந்த மாதிரி தாங்குவார்கள்.

அப்படித்தான் ஒன்று வந்தது. எது வயல், எது வீடு, எது குளம் என்று ஒவ்வொரு ஊராட்சியும் முழுமைத் திட்ட வரைபடம் போட வேண்டும். அதன் பிறகு படத்தில் உள்ளபடியேதான் ஊர் இருக்க வேண்டும்.

ஊராட்சித் தலைவர் வீரபாகு தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, கண்ணில் பட்டதை ஒன்று விடாமல் வரைந்தார். கொளுத்துகிற வெயில், ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. மாசிலாமணி மட்டும் தன் வயல் வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தான். அவனும் படத்தில் ஏறிவிட்டான்.

படத்துக்கு முத்திரை விழுந்ததும் வீரபாகு அவன் வீட்டுக்கு ஓடினார்.

"மாசிலா, வரப்புல போய் உட்காருப்பா. நீ இல்லேன்னா ஊரே சட்டவிரோதம். கூழுச் சட்டியையும் எடுத்துக்கோ. குடிச்சு முடிச்சிடாதே."

மாசிலாமணி தங்கமான பையன். போய் உட்கார்ந்தான். ஆனால் விடிந்தால் அவனுக்குக் கல்யாணம். பக்கத்து ஊர் அமிர்தகலாவை நினைத்து நினைத்து அவன் உருகிக்கொண்டிருந்தான். பாவம், அழுகையே வந்துவிட்டது.

"அண்ணே, தாலிய இங்கேயே கட்டிடட்டுமா?"

"படத்துல இது வயல். நாத்துதான் நடலாம், பந்தக்கால் நடக்கூடாது."

கூட வந்திருந்த ஊராட்சி உறுப்பினர் தைலம்மைக்கு மனசு கேட்கவில்லை. "ஆட்சேபணை சொல்லச் சட்டத்துலயே இடம் இருக்குங்க."

"எனக்கு ஆட்சேபணை இருக்கு!" என்று கத்தினான் மாசிலாமணி.

"இங்க கத்தி என்ன பிரயோசனம்? ஊராட்சி ஆபீசுக்கு நேர்ல வந்து சொல்லணும்" என்றார் வீரபாகு.

மாசிலாமணி எழுந்தான்.

"எந்திரிக்கக் கூடாது!" என்று இருவரும் ஒரே குரலில் பதறினார்கள். உட்கார்ந்துவிட்டான்.

நல்லவேளை, மறுநாள் காலையில் ஊரைச் சரிபார்க்க அதிகாரி வந்தார். படத்தைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். ரப்பரை எடுத்து அவனைச் சுத்தமாக அழித்துவிட்டுப் போய்விட்டார்.

மாசிலாமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்யாணப் பந்தலுக்கு ஓடினான். அவனுக்கு முன்னால் சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

"சர்க்காரே அழிச்சிட்டாங்க" என்று வீரபாகு விம்மிக்கொண்டிருந்தார். "நம்ம மாசிலாமணி இனி இல்லை."

பந்தலில் ஒரே ஒப்பாரி. எல்லாரும் குளத்துக்குப் போய்த் தலை முழுகினார்கள். மாசிலாமணியும் முழுகினான். வாழ வேண்டிய வயசு என்று நினைக்க நினைக்க அவனுக்குத் தாங்கவில்லை.

முகூர்த்தம் தப்பிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா கையைப் பிசைந்தபடி சுற்றிலும் பார்த்தார். ஈரத் தலையோடு நின்ற வாலிபன் கண்ணில் பட்டான்.

"தம்பி, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லீங்க."

கெட்டிமேளம் முழங்கியது. மூன்று முடிச்சையும் போட்ட மாசிலாமணி, கலங்கிய கண்ணோடு அமிர்தகலாவின் காதருகே குனிந்தான்.

"அவரை மறக்கச் சொல்லி உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றான்.