இனாமே கேட்ட நூல்

ஜப்பானின் பழைய தலைநகரில் இனாமே என்றொரு மருத்துவச்சி இருந்தாள். பிரசவம் பார்ப்பாள், வலி தீர உடம்பில் மெல்லிய ஊசி குத்தி வைப்பாள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவளுடைய ஆசான் ஹிரோதாரி அவளைவிடப் பத்து வயது இளையவர்.

சீனத்திலிருந்து கப்பலில் வந்த ஊசி மருத்துவ நூல் ஒன்று அவரிடம் இருந்தது. ஏழு சுருள்கள். ஆண் சீடர்கள் அதைப் பிரித்துப் படிக்கலாம். பெண்கள் காதால் கேட்டுத்தான் கற்க வேண்டும் என்பது சட்டம். ஹிரோதாரி வாசிப்பார். தட்டிக்கு அப்பால் உட்கார்ந்து அவள் திருப்பிச் சொல்வாள். பன்னிரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

“முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை” என்று சொல்லும்போதெல்லாம் அந்த வரி பார்க்க எப்படி இருக்கும் என்று அவள் மனம் அலையும். ஒருநாள் கேட்டே விட்டாள்.

“ஐயா, ஒரே ஒரு வரி பார்க்கலாமா?”

“பார்த்தாலும் உங்களுக்குப் படிக்கத் தெரியாதே, அம்மா.”

“தெரியாதுதான். பன்னிரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறது. முகம்தான் பார்த்ததில்லை.”

ஹிரோதாரி சுருளைக் கட்டிப் பெட்டியில் வைத்தார்.

அந்த வருஷ மழையில் கூரை ஒழுகிற்று. பெட்டியைத் திறந்தபோது மை கரைந்து, ஏழு சுருளும் சாம்பல் நிறமாக ஊறிக் கிடந்தன. ஆண் சீடர்களைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்தது. வேண்டும்போது புரட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டவர்கள் அவர்கள். அவரும் அப்படித்தான்.

ஹிரோதாரி மை உரைக்கும் கல்லையும் தூரிகையையும் வெற்றுச் சுருள்களையும் எடுத்துக்கொண்டு இனாமேயின் வீட்டுக்கு நடந்தார்.

“சொல்லுங்கள், அம்மா. எழுதுகிறேன்.”

அவள் சொன்னாள். பத்தொன்பது நாள் ஆயிற்று. நடுவில் இரண்டு பிரசவத்துக்குப் போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

கடைசி வரியின் மை உலர்ந்தது. ஹிரோதாரி முதல் சுருளை விரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

அவள் வாசலைப் பார்த்தாள். “யாராவது பார்த்துவிட்டால், ஐயா?”

“பார்க்கட்டும்.”

இனாமே குனிந்தாள். கறுப்புக் கோடுகள், வரிசை வரிசையாக. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து எழுத்து கலங்கிற்று.

“இவ்வளவு ஆசைப்பட்டேன். இதில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லையே, ஐயா.”

ஹிரோதாரி முதல் எழுத்தின் அருகே விரலை வைத்தார்.

“நீங்கள் சொல்லுங்கள், அம்மா. நான் விரலை நகர்த்துகிறேன்.”