பச்சைக் கோல் வராத நேரம்

"மேடம், என்னை அந்தக் கம்பத்தை விட்டு எடுத்துடுங்க" என்றார் பூவலிங்கம்.

இன்ஸ்பெக்டர் சஃபீனா நிமிர்ந்து பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற உதவி ஆய்வாளருக்கு வயது ஐம்பத்தொன்று. சஃபீனாவுக்கு முப்பத்து நான்கு.

"உட்காருங்க."

"வேண்டாம் மேடம். மனு எழுதியே கொண்டாந்துட்டேன். ரெக்கார்ட் ரூம்ல போடுங்க. அங்க வெறும் பேப்பர்தான். யாரும் சாக மாட்டாங்க."

சஃபீனாவைப் பற்றி அந்த ஸ்டேஷனில் ஒரு பேச்சு உண்டு. அந்தம்மாவிடம் மணி என்னவென்று கேட்டால் சொல்லாது, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடும் என்பார்கள். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் எல்லோரும் அந்த மேசைக்குத்தான் போனார்கள். பூவலிங்கம் மட்டும் இத்தனை நாள் போனதில்லை. முப்பது வருட சர்வீஸில் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை.

ஈச்சமலைப் பாதையில் பெருமழைக்குப் பாதி ரோடு சரிந்து இரண்டு மாதம் ஆகிறது. நாலு கிலோமீட்டருக்கு ஒரு வண்டி போகத்தான் இடம். வளைவுகளில் மட்டும் கொஞ்சம் ஒதுங்கலாம். மேலே ஒரு தடுப்புக் கம்பம், கீழே ஒரு தடுப்புக் கம்பம். ஒரு நேரம் ஏறுகிற வண்டிகள், ஒரு நேரம் இறங்குகிற வண்டிகள்.

மலை மடிப்புக்குள் வாக்கிடாக்கி கரகரக்குமே தவிரப் பேசாது. செல்போனும் அப்படித்தான். அதனால் பச்சை வர்ணம் அடித்த மூங்கில் கோல் ஒன்றை வைத்திருந்தார்கள். ஏறுகிற கடைசி வண்டிக்காரரிடம் அதைக் கொடுத்து அனுப்புவார்கள். கோல் மேலே வந்து சேர்ந்தால் பாதை காலி. அப்புறம்தான் மேலிருந்து வண்டிகள் இறங்கலாம். இறங்குகிற கடைசி வண்டியோடு கோலும் இறங்கும்.

மேல் கம்பம் பூவலிங்கத்தின் பொறுப்பு.

"என்ன நடந்துச்சு?" என்றார் சஃபீனா.

"உங்களுக்குத் தெரியுமே மேடம்."

"நீங்க சொல்லுங்க."

"திங்கக்கிழமை ஒரு ஜீப் வந்துச்சு. உள்ள பிரசவ வலியோட ஒரு பொண்ணு. கோல் வரல. பாவம்னு விட்டேன். ஏழாவது வளைவுல எதுக்க லாரி. ஜீப் ஒதுங்கப் போய் பாறையில இடிச்சுது. தாயும் பிள்ளையும் தப்பிச்சாங்க. டிரைவருக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. எனக்கு மெமோ."

"ம்."

"வியாழக்கிழமை ஒரு பிக்கப் வேன். நெஞ்சு வலின்னு ஒருத்தர், பேரு சின்னக்காளை. பக்கத்துல அவரு சம்சாரம். அன்னிக்கும் கோல் வரல. நான் விடல. நாப்பது நிமிஷம் நிறுத்தி வச்சேன். கோல் வந்தப்புறம் விட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல உயிர் போயிருச்சு."

அவர் கையிலிருந்த மனுவின் ஓரத்தை நீவினார்.

"அந்தம்மா சண்டைகூடப் போடல மேடம். கோல் வந்துருச்சா சாமி, கோல் வந்துருச்சா சாமின்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு."

"அதுக்கு மெமோ வந்துச்சா?"

"இல்ல. விதிப்படி நடந்திருக்கீங்கன்னு டிஎஸ்பி பாராட்டினாரு. மெமோ வந்த அன்னிக்கு நான் நல்லாத் தூங்கினேன். பாராட்டு வந்ததுலேருந்து தூக்கமில்ல."

சஃபீனா மனுவுக்காகக் கையை நீட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். விடணுமா, விடக் கூடாதா? எதுன்னு சொல்லிட்டீங்கன்னா ரிட்டயர் ஆகுற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு அதையே செய்யறேன்."

சஃபீனா மனுவை வாங்கினார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மேல வரேன்."

மறுநாள் காலை ஏறுகிற வண்டிகளில் கடைசியாக ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பச்சைக் கோல் பக்கத்து சீட்டில் கிடந்தது.

பூவலிங்கம் கோலை வாங்கி, காத்திருந்த வண்டிகளை இறக்கிவிட்டார். கடைசியில் போன காய்கறி வண்டியில் கோலையும் கொடுத்து அனுப்பினார். கம்பத்தை இறக்கி, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டார். மலை அமைதியானது.

பலா மரத்தடியில் நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருந்தது. அதில் தட்டையாகிப்போன ஒரு தலையணை. தடுப்புக் கம்பத்தை இழுத்துக் கட்டும் கயிறு எங்கேயும் கம்பத்தின் காலடியில்தான் முடியும். இங்கே அது ஒரு கப்பி வழியாக நீண்டு வந்து நாற்காலியின் கைப்பிடியில் முடிந்திருந்தது.

"இது யார் வேலை?"

"நான்தான் மேடம். ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து போக முட்டி இடம் கொடுக்கல. இப்ப உட்கார்ந்த இடத்துலேருந்தே தூக்கலாம், இறக்கலாம்."

சொல்லும்போது அவர் குரலில் ஒரு தெம்பு வந்தது. தன் கைவேலையைக் காட்டும்போது யாருக்கும் வருவதுதான்.

சஃபீனா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கயிற்றை அவரிடமிருந்து வாங்கித் தளர்த்தினார். கம்பம் ஏறியது. இழுத்தார். இறங்கியது.

"ஜோரா இருக்கு. எழுந்துட்டா?"

"எழுந்தா நாற்காலி கவிழ்ந்துரும் மேடம். கம்பம் தானா மேல போயிரும். அதனாலதான் நான் எழுந்திருக்கிறதே இல்ல."

"ஒண்ணுக்கு வந்தா?"

"மரத்துல கட்டிட்டுப் போவேன்."

சஃபீனா கயிற்றை மரத்தில் கட்டினார். பாதையில் கீழ்நோக்கி நடக்க ஆரம்பித்தார். எங்கே என்று கேட்கத் தயங்கி, பூவலிங்கமும் பின்னால் போனார்.

முதல் வளைவைத் தாண்டியதும் பாறையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கொட்டியது. வண்டிகள் ஒதுங்கி நிற்க அங்கே இடமும் இருந்தது. ஒரு பெண் கூடையில் கொய்யா வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கம்பத்திலிருந்து மூன்று நிமிட நடை. பூவலிங்கம் அந்த இடத்தைத் தினம் பைக்கில் கடப்பவர். நடந்து வந்தது இதுதான் முதல் தடவை.

சஃபீனா ஒரு காயை எடுத்தார்.

"வியாழக்கிழமை மதியம் இங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேம்மா."

"ஏதாச்சும் வண்டி நின்னுச்சா?"

"நின்னுச்சே. அரிசி லாரி. எஞ்சின் சூடாயிருச்சுன்னு ஓரங்கட்டினான். தண்ணி புடிச்சு ஊத்தினான். அப்புறம் இவ்வளவு நல்ல தண்ணி கொட்டுதேன்னு குளிக்கவும் செஞ்சான். அந்தப் பச்சைக் குச்சிய என் கூடையிலதான் சாத்தி வச்சிருந்தான். அரை மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

பூவலிங்கம் பாதையோரத்துக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி நேரம். அந்தக் கோல் இந்தக் கூடையில் சாய்ந்து கிடந்திருக்கிறது. அங்கே ஒரு பெண் கோல் வந்துருச்சா சாமி என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தில் கொய்யாக்காரியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

"பாதை காலியாத்தான் இருந்திருக்கு மேடம். அப்ப அன்னிக்கு விட்டிருக்கணும்."

"திங்கக்கிழமை விட்டீங்களே."

"அப்ப திங்கக்கிழமை விட்டிருக்கக் கூடாது."

"வியாழக்கிழமை விடலையே."

"மேடம், கையெடுத்துக் கும்பிடறேன். ரெண்டுல எதுன்னு சொல்லிடுங்க."

சஃபீனா கொய்யாவைக் கடித்தார்.

"காய் பதமா இருக்கு. ஒண்ணு சாப்பிடுங்க."

பூவலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் மகள் வயதில்லை என்றாலும் தங்கை வயதில்கூட இல்லாத ஒருவர், தன் துக்கத்துக்கு நடுவில் நின்று கொய்யா தின்கிறார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அப்போது மேலே ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

இருவரும் ஓடினார்கள்.

கம்பத்தின் முன்னால் எஸ்டேட் வேன் ஒன்று நின்றது. பின் சீட்டில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்தி படுத்திருந்தாள். அவள் தலை இன்னொருத்தி மடியில் இருந்தது. வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வீங்கி, நிறம் மாறியிருந்தது.

"விரியன் சார்" என்றார் டிரைவர். "கால் மணி நேரம் ஆச்சு."

சஃபீனா நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மரத்திலிருந்த கயிற்றை அவிழ்த்து இடது கையில் பிடித்துக்கொண்டார். வலது கையால் பையிலிருந்து மனுவை எடுத்துப் பிரித்து மடியில் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

"மேடம், விடவா?"

"உங்க மாற்றல் மனுவைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"கோல் கீழ இருக்கு மேடம். இந்நேரம் வண்டிங்க ஏற ஆரம்பிச்சிருக்கும்."

"இருக்கும்."

"இந்தப் பொண்ணுக்கு நேரமில்ல."

"இல்ல."

"நீங்க சொன்னீங்கன்னா விட்டுடறேன்."

சஃபீனா நிமிரவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த கை மட்டும் மெல்ல மேலே வந்தது, கயிறு தளர்ந்தது. பூவலிங்கம் அதைக் கவனிக்கவில்லை.

வேனுக்குள்ளிருந்து, தலையை மடியில் தாங்கியிருந்தவளின் குரல் வந்தது.

"கோல் வந்துருச்சா சார்?"

பூவலிங்கம் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு பாதையைப் பார்த்தார். அது முதல் வளைவு வரைக்கும் தெரிந்தது. அதற்கு அப்பால் தெரியவில்லை.

அவர் பைக்கை நோக்கி நடந்தார்.

"வேனை எடுங்க" என்றார் டிரைவரிடம். "நான் முன்னால போறேன். ஒவ்வொரு வளைவுலயும் நின்னு பார்ப்பேன். ரெண்டு விசில் கேட்டா வாங்க. ஒரு விசில் கேட்டா அங்கேயே நின்னுடுங்க. என்ன ஆனாலும் என்னைத் தாண்டக் கூடாது. எது வந்தாலும் முதல்ல என் மேலதான் வரணும்."

கம்பத்தைத் தூக்குங்கள் என்று சொல்லத் திரும்பினார். கம்பம் ஏற்கெனவே மேலே இருந்தது.

முதல் வளைவில் இறங்கி எட்டிப் பார்த்தார். இரண்டு விசில். கொய்யாக்காரி கூடையை ஓரமாக இழுத்துக்கொண்டாள். இரண்டாவது வளைவு. மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் பைக்கை நிறுத்தி, இறங்கி, விளிம்பு வரை போய்ப் பார்த்தார். முட்டி உயிரை வாங்கியது.

ஐந்தாவது வளைவில் எஞ்சின் சத்தம் கேட்டது.

ஒரு விசில் ஊதினார். பைக்கை நடுப்பாதையில் குறுக்காக நிறுத்தினார். அதற்கும் முன்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

பால் வண்டி ஒன்று அவருக்கு நாலடி முன்னால் வந்து நின்றது. பின்னால் இரண்டு லாரிகள். ஒவ்வொன்றாகப் பின்னுக்கு அனுப்பி, வளைவின் அகலத்தில் ஒதுக்கினார். கடைசி லாரிக்காரர் பச்சைக் கோலை வெளியே நீட்டிக் காட்டினார்.

"சார், கோல் எங்கிட்ட இருக்கு. ரோடு எனக்குத்தான்."

"உனக்குத்தாம்ப்பா. ரெண்டு நிமிஷம் எனக்குக் கொடு."

லாரிக்காரர் கோலை உள்ளே இழுத்துக்கொண்டார். ஸ்டியரிங்கையும் இன்னும் கொஞ்சம் ஒடித்தார். வேன் ஒரு கை அகல இடைவெளியில் கடந்து போனது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பூவலிங்கம் வெளியே வந்தார். வாசலில், சின்னக்காளையைக் கடைசியாக இறக்கி வைத்த இடத்தில், சற்று நேரம் நின்றார். பிறகு பைக்கை எடுத்தார்.

சாயங்காலம் ஏறிய வண்டிகளில் அவர்தான் கடைசி. பச்சைக் கோலை முதுகில் செருகிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார்.

இறங்குகிற வண்டிகள் வரிசையில் நின்றன. சஃபீனாவின் ஜீப் கடைசியாக நின்றது. அவர் கம்பத்தின் காலடியில் இருந்தார்.

"பிழைச்சிடுவாங்கன்னு சொல்றாங்க மேடம்."

"சரி."

"கோல் இல்லாம வண்டிய இறக்கிட்டேன். மெமோ வருமா?"

"வரும். கம்பத்தைத் தூக்கினது நான். எனக்கும் வரும்."

பூவலிங்கம் தலையாட்டினார். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் முழுதாக இறங்கவில்லை, இறங்கப் போவதுமில்லை. ஆனால் இன்று அதோடு நிற்க முடிந்தது.

வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. சஃபீனா ஜீப்பில் ஏறி, கோலுக்காகக் கையை நீட்டினார். பூவலிங்கம் கொடுத்தார். பதிலுக்கு நாலாக மடித்த மனுவைக் கொடுத்துவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

முட்டி வலி தாங்காமல் பூவலிங்கம் பலா மரத்தடிக்குத் திரும்பினார். அங்கே ஒன்றுமில்லை. கயிறு பழையபடி கம்பத்தின் காலடியில் கட்டியிருந்தது.

"மேடம், நாற்காலி எங்க?"

ஜீப் வளைவை நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் நாலு நீலக் கால்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு போயின.

அவர் மனுவைப் பிரித்தார். ரெக்கார்ட் ரூமுக்கு மாற்றல் அனுமதிக்கப்பட்டிருந்தது. கையெழுத்தும் தேதியும் சரியாக இருந்தன. பூவலிங்கம், உதவி ஆய்வாளர் என்று அவர் எழுதியிருந்தது மட்டும் ஒரு கோட்டில் அடிக்கப்பட்டு, அதற்கு மேல் சஃபீனாவின் கையெழுத்தில் வேறு எழுதியிருந்தது.

'நாற்காலி, நீலம், ஒன்று.'