ஆசைக்குத் திருத்தும் விடைத்தாள்

மணிக்கணக்குச் சம்பளத்துக்கு வணிகவியல் நடத்திக்கொண்டிருந்த ஜெசிந்தாவை அந்தத் தனியார் கல்லூரி திடீரென்று நிறுத்தியது. நிறுத்திய அன்றைக்கே, "இதைத் திருத்திக் கொடுத்துடும்மா" என்று ஒரு விடைத்தாள் கட்டையும் கையில் திணித்தார் தாளாளர் அம்பலவாணன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

வேலையிழந்தோர் நிவாரணத்துக்கு அவள் மனுப் போட்டாள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தாளோ, அதை வைத்துத்தான் தொகை. விசாரணைக்கு வந்த தாளாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதிகாரியிடம் சொன்னார்:

"மணி அடிச்சா வேலை, மறுபடி அடிச்சா முடிஞ்சுது சார். வீட்டுல பேப்பர் திருத்தறதெல்லாம் இவங்க ஆசைக்குச் செய்யறது. அதைச் சேர்க்காதீங்க."

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரலை மட்டும் அவள் உயர்த்தவில்லை.

"சரிங்க சார். எனக்கு அந்த ஆசை விட்டுப்போச்சு. உங்க விடைத்தாள் கட்டை இன்னிக்கே பழைய பேப்பர் கடையில போட்டுடறேன்."

தாளாளர் துள்ளி எழுந்தார். "நாளைக்கு ரிசல்ட்டு! அது காலேஜ் வேலை! விளையாடறியா?"

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பினாள். "கேட்டுதா சார்? அவரே மணி அடிச்சிட்டார். இனி நேரத்தை எழுதிக்குங்க."