மகாராஜாவின் வயிற்றில் குடியிருந்தவர்கள்

பூவனூர்க் கோட்டையை ஆண்ட விறல்வேந்தன்மீது எதிரி எறிந்த கல் ஒன்றுகூடப் பட்டதில்லை. போருக்குப் போனால்தானே படும்? அந்தக் குறை இருக்கக் கூடாதென்று மகாராஜாவின் சிறுநீரகத்திலேயே கல் விளைந்தது.

கல் இறங்கும்போது அவர் போடும் கூச்சல் மதிலைத் தாண்டும். இறங்கிவிட்டால் முரசு கொட்டுவார்கள். கல்லைக் கழுவிச் சந்தனப் பேழையில் வைத்துச் சபையைச் சுற்றி எடுத்து வருவார்கள். அமைச்சர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். புலவர்கள் பாடுவார்கள். நாட்டில் மழை இறங்கினால்கூட அவ்வளவு கொண்டாட்டம் கிடையாது.

ராஜவைத்தியர் பரமேட்டியாருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. பேதி. "அரச வயிற்றில் உயிருள்ள எதுவும் இருக்கலாகாது" என்பார். அமாவாசைதோறும் ஒரு குவளை கொடுப்பார். வயிறு கழுவிக் கவிழ்த்த அண்டா ஆகிவிடும். அப்புறம் அடுத்த கல். அடுத்த முரசு.

அப்படி ஒரு கல்லைப் பெற்றெடுத்த களைப்பில் மகாராஜா சபையில் சாய்ந்திருந்தார்.

"தேர்த் திருவிழாவுக்கு வடநாட்டுத் தூதர்கள் வருகிறார்கள். அதற்குள் வடக்கு வாசல் குடிசைகளைப் பிடுங்கி எறியுங்கள். அழுக்கில் கிடக்கிறவன், வரி கட்டாதவன், என் கண்ணில் படாதவன், எவனும் என் கோட்டைக்குள் இருக்கக் கூடாது. எயினா!"

எயினன் அந்தச் சபையின் விகடகவி. அமைச்சர்கள் விழுங்கிவிட்ட உண்மைகளைச் சிரிப்பில் தோய்த்துச் சொல்வது அவன் வேலை. பிறந்தது வடக்கு வாசலில். அவன் அக்கா வேம்பி இன்னமும் அங்கேதான் இருந்தாள், கோட்டைச் சாக்கடையை அள்ளிக்கொண்டு.

"நீ பெரிய புத்திசாலியாமே? எனக்கு இன்னொரு கல் வரக் கூடாது. கத்தி வைக்காதே, கசப்பு கொடுக்காதே. வந்தால் உன் தலை போகும்."

"வராவிட்டால் அந்தக் குடிசைகள் இருக்கட்டுமா, மகாராஜா?"

"என் வயிறு வேறு, அந்தக் குப்பை வேறு. பேரம் பேசாதே."

மாலையில் எயினன் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாடா, ராஜா வீட்டுச் செல்லப்பிள்ளை. நாங்கள் நாறுகிறோமாமே? யார் போட்ட நாற்றமென்று கேட்டாயா?"

"கேட்கத்தான் போகிறேன். அக்கா, தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?"

"விருந்துதான். பழஞ்சோறும் கீரையும். அலுத்துப்போனால் கீரையும் பழஞ்சோறும்."

"இங்கே யாருக்காவது கல்லடைப்பு வந்ததுண்டா?"

"அது பெரிய மனுஷன் வியாதி. எங்களுக்கு அரிசியில் வருகிற கல்லே போதும்."

"பேதி மருந்து?"

"உள்ளே ஏதாவது இருந்தால்தானடா வெளியே தள்ள?"

எயினன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கீரையை மகாராஜாவும் தின்கிறார், நெய் ஊற்றி. கல் அவருக்கு மட்டும் வருகிறது. இவர்கள் வயிற்றில் இருப்பது, அவர் வயிற்றில் இல்லாமல் போனது எது? பக்கத்தில் பழஞ்சோற்றுப் பானையில் சின்னச் சின்னக் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன. சோறு தானாகவா புளிக்கிறது? உள்ளே யாரோ வேலை செய்கிறார்கள்.

"அக்கா, மூட்டை இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். பானையை மட்டும் கழுவிவிடாதே."

மறுநாளிலிருந்து மகாராஜாவுக்குக் காலையில் தங்கக் கிண்ணத்தில் 'வெண்ணமுது' வந்தது. தங்கத்தில் வருவது எதுவும் அமுதம்தானே? சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். பேதிக் குவளையோடு வந்த பரமேட்டியாரை எயினன் வாசலோடு திருப்பினான். "இவன் அரச வயிற்றில் கிருமி வளர்க்கிறான்!" என்று அவர் ஊரெல்லாம் புலம்பினார். அவர் வாயிலிருந்து உண்மை வந்தது அன்று ஒருநாள்தான்.

அமாவாசைகள் போயின. கல் வரவில்லை. முரசடிப்பவன் பிழைப்புக்கு வேறு வேலை தேடினான். கல்லைப் பாடிய புலவர்கள் கல் இல்லாததைப் பாடினார்கள்.

தேர்த் திருவிழா நெருங்கியது. கடப்பாரைகளோடு வீரர்கள் வடக்கு வாசலுக்குப் புறப்பட்டார்கள். எயினன் ஒரு குவளையை ஏந்திச் சபைக்குள் நுழைந்தான்.

"என்ன அது?" என்றார் மகாராஜா.

"நம் பரமேட்டியாரின் பேதி. தங்கள் ஆணையை நிறைவேற்ற வந்தேன். வடக்கு வாசல்காரர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கள் வயிற்றில்தான் குடியிருக்கிறார்கள்."

"உளறாதே!"

"கீரையிலும் முந்திரியிலும் ஓர் உப்பு இருக்கிறது. வயிற்றிலிருக்கும் பொடி உயிர்கள் அதைத் தின்றுவிட்டால் வம்பில்லை. தின்ன ஆளில்லாவிட்டால் சிறுநீரகத்துக்குப் போய்க் கல்லாகிறது. தின்கிறவர்களை அமாவாசைதோறும் விரட்டினோம். நான் என் அக்கா பானையிலிருந்து புது ஆட்களைக் குடியேற்றினேன்."

"சேரிச் சோற்றையா என் வாயில் போட்டாய்?"

"கிண்ணத்தில்தான் போட்டேன், மகாராஜா. வாயில் போட்டுக்கொண்டது தாங்கள்." எயினன் குவளையை நீட்டினான். "அழுக்கில் கிடக்கிறார்கள். வரி கட்டவில்லை. தங்கள் கண்ணில் படவில்லை. ஆணைக்கு அச்சாகப் பொருந்துகிறார்கள். குடியுங்கள், விரட்டிவிடலாம்."

மகாராஜாவின் கை தானாக விலாவைப் பிடித்தது. பழைய வலி ஞாபகம் வந்தது.

"குடியுங்கள் பிரபு, வயிறு தூய்மையாகும்!" என்று குதித்தார் பரமேட்டியார்.

"நீர் குடியும்" என்றார் மகாராஜா.

அரச கட்டளை. பரமேட்டியார் குடித்தார். சற்று நேரத்தில் விடைபெறாமலே ஓடினார்.

"எயினா, உள்ளே இருப்பவர்கள் இருக்கட்டும். வெளியே இருப்பவர்கள் போகட்டும்."

"போகட்டும், மகாராஜா. ஒருநாள் உள்ளே ஆள் குறையும். அன்று வேம்பியின் பானையை எந்தக் காட்டில் போய்த் தேடுவேன்? அது கிடைக்கும்வரை கல் வருமே, முரசுக்காரனைத் திரும்பக் கூப்பிட்டு வைக்கிறேன்."

மகாராஜா வீரர்கள் போன திசையைப் பார்த்தார். விலாவைத் தடவினார். "ஓடுங்கள்! கடப்பாரையைக் கீழே போடச் சொல்லுங்கள்!" என்று அலறினார். கல் இறங்கும்போதுகூட அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

செய்தி வந்தது. ஒரு குடிசையும் சாயவில்லை. வேம்பி மூட்டையைப் பிரித்துவிட்டாளாம். மகாராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழுத்து மாலையைக் கழற்றி எயினன் தோளில் போட்டார். சிரிப்போடு அவருக்குப் பெருமையும் வந்துவிட்டது.

"வடக்கு வாசலில் ஒரு கல்வெட்டு நடுங்கள். 'ஏழைகளை வாழவைத்த வள்ளல் விறல்வேந்தன்' என்று ஆழமாக வெட்டுங்கள்!"

எயினன் கைகூப்பினான்.

"கல் மட்டும் வேண்டாம், மகாராஜா. எங்கள் ஆட்கள் தின்றுவிடுவார்கள்."