ராஜாவின் மண்டபமும் அங்காயியின் ஒரு குடமும்

கொன்றையூர்ச் சீமையை வெகு காலத்துக்கு முன்னால் வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதே சரி என்று நம்பிவிடுவார்.

அவர் காலத்தில் மூன்று வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி வெடித்துக் கிடந்தது. மந்திரி பேரருளாளர் யோசித்துப் பார்த்து ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஏரி நிரம்பும்வரை சபையில் அனுமதி ஓலை வாங்காமல் யாரும் ஒரு சுவர்கூட எழுப்பக் கூடாது. மண் குழைக்க, சுண்ணாம்பு நீற்ற, எழுப்பிய சுவர் வெடிக்காமல் தினம் மூன்று வேளை நனைக்க என்று ஒரு வீடு குடிக்கிற தண்ணீரை ஒரு தெருவே குடிக்கலாமே!

ஓலைக்காரத் தெரு அங்காயி, கூரைக்குப் பனையோலை வேய்கிறவள், இந்தச் சட்டத்தை முதலில் வாயார வைதாள். அவள் வீட்டில் ஒரு பக்கச் சுவர் இடிந்து கிடந்தது. அனுமதி கேட்டுப் போனவளிடம் மந்திரி, "ஓலைத் தட்டி கட்டிச் சமாளித்துக்கொள், தாயே. உனக்குக் கொடுத்தால் யாருக்கு இல்லையென்பேன்?" என்று கைகூப்பி அனுப்பிவிட்டார். ஆனால் பக்கத்து ஊர்க் கிணறெல்லாம் வறண்ட பிறகும் தன் தெருக் கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதைப் பார்த்தபோது, வைத வாயாலேயே அந்த மந்திரியை வாழ்த்தினாள். அவள் மகள் தெய்வானைக்கு அது நிறைமாசம்.

மந்திரிக்கு வந்த பேர் அரண்மனைக் காரியங்களைக் கவனிக்கும் மணியக்காரர் வீரகேசரிக்குப் பொறுக்கவில்லை. ராஜாவின் காதருகே போனார்.

"மகாராஜா, வெயில் தாங்கத் தங்களுக்கு ஒரு மண்டபம் வேண்டாமா? ராஜாவுக்குக்கூடவா அனுமதி ஓலை? ஊர் சிரிக்கிறது."

"சிரிக்கிறதா! நாளைக்கே கட்டும்!"

"ஓலைக்காரத் தெருக் கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. அதிலே இறைத்தால் போதும்."

சேதி எட்டியதும் அங்காயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பத்து நாள் இறைத்தால் கிணறு காலி. பிள்ளை பிறக்கிற வேளையில் மகளுக்கு ஒரு செம்பு வெந்நீருக்கு எங்கே போவாள்? தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு நேரே சபைக்குப் போய் நின்றாள்.

"சாமி, மண்டபம் கட்டுங்க, எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனா ஓலைக்காரங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. யாரு கட்டினாலும் முதக் குடத்துல இருந்து கடைசிக் குடம் வரைக்கும் அவுங்க குளிக்கிற கிணத்துத் தண்ணியத்தான் விடணும். ஊர்த் தண்ணியில எழும்புன சுவத்துக்குள்ள அடுத்தவங்க தாகமும் குடி வந்துரும்னு பயப்படுவோம்."

ராஜா நெளிந்தார். தாகத்தோடு ஒரே மண்டபத்தில் குடியிருக்க அவருக்குப் பிரியமில்லை.

வீரகேசரி மார்பை நிமிர்த்தினார். "இவ்வளவுதானே? அரண்மனைக் கிணறு என் பாட்டனார் வெட்டியது. வற்றினதாகச் சரித்திரமே இல்லை! அப்படியே ஓலையில் எழுதும், மந்திரியாரே!"

பேரருளாளர் மீசைக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டு எழுதினார். ராஜா முத்திரை வைத்தார்.

சுவர்கள் கிடுகிடுவென்று எழும்பின. மூன்று வேளை நனைப்பும் குறைவில்லாமல் நடந்தது. அடுத்த சனிக்கிழமை ராஜா உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய் தேய்த்து, தலையில் சீயக்காயை அப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் கையை நீட்டினார்.

"தண்ணீர்!"

கிணற்றுக்குள் போன வாளி சேற்றோடு வந்தது.

"மகாராஜா... இப்போதுதான் சுவர்களை நனைத்து முடித்தோம்" என்று வீரகேசரி இழுத்தார்.

"சுவர் குளித்துவிட்டது, நான் குளிக்க வேண்டாமா? கண் எரிகிறதய்யா! ஓடும்!"

மணியக்காரர் குடத்தோடு ஓலைக்காரத் தெருவுக்கு ஓடினார். கிணற்றடியில் நாற்பது பெண்கள்.

"வீட்டுக்கு ஒரு குடம்தாங்க. வரிசையில நில்லுங்க" என்றார்கள். ராஜாவுக்குச் சீயக்காயில் கண் எரிகிறதென்று புலம்பிக்கொண்டே, சரிகைத் தலைப்பாகையோடு நாற்பத்தோராவது ஆளாக நின்றார்.

அங்காயிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே இரக்கமும் வந்தது. ராஜாவின் கண்ணென்றால் மட்டும் எரியாதா? அப்போதுதான் நிரப்பிய தன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

தண்ணீர் தலையில் விழுந்து கண் திறந்ததும் ராஜா கேட்டார்: "இது யார் வீட்டுத் தண்ணீர்?"

"எங்க வீட்டுதுங்க. இன்னிக்குப் பங்கு."

"வீட்டில் நிறைமாசக்காரி இருக்கிறாளென்று மந்திரி சொன்னாரே?"

"அவ குடிக்க ஒரு செம்பு எடுத்து வச்சிட்டுத்தான் வந்தேன் சாமி."

ராஜா முகத்தை வழித்துக்கொண்டார். ஈரத் தலையோடு எழுந்து நின்று அவளைக் கும்பிட்டார். "தாயே, ஒரு வேளைக்கே நான் இந்தப் பாடு பட்டேன். உன் கிணற்றையல்லவா இறைக்கச் சொன்னேன்! என்னைத் தடுத்தாயே, அதற்கே உனக்குக் கடன்பட்டவன்."

மறுநாள் சபையில் மண்டப வேலையை நிறுத்தினார். குளிக்கத் தனக்கும் இனி ஒரு குடம்தான் பங்கு என்றார். இனி அனுமதி ஓலைகளில் மந்திரியோடு அங்காயியும் சம்மதம் சொன்னால்தான் முத்திரை என்றார். வீரகேசரிக்கு ஏரி நிரம்பும்வரை கிணற்றடி உத்தியோகம்: முடியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் குடம் சுமக்க வேண்டும். பாதி எழும்பி நின்ற மண்டபத்துக்குத் தண்ணீரே கேட்காத பனையோலைக் கூரையை அங்காயியே வேய்ந்தாள். அதற்குள் தெய்வானைக்குப் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தையைக் குளிப்பாட்டுகிற சனிக்கிழமை, வீரகேசரி ஒரு குடத்தோடு வாசலில் நின்றார். "அரண்மனையிலிருந்து" என்றார். சொல்லும்போது தலை குனிந்திருந்தது.

"நீங்க நல்லா இருக்கணும்யா" என்று அங்காயி அழுதுகொண்டே குடத்தை வாங்கி இறக்கினாள்.

அன்றைக்கு ராஜா காய்ந்த தலையோடு சபைக்கு வந்தார். யாருக்கும் கேட்கத் தைரியமில்லை. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "இன்றைக்கு என் பங்கில் ஒரு புது மனுஷி குளிக்கிறாள்."