குப்பிக்கு வாய் இல்லை

நடுங்கும் காய்ச்சலோடு வந்த பேருந்து நடத்துநர் பிலோமினாவுக்கு இளமாறன் உடனே மருந்து ஏற்றினான். இருப்பதிலேயே வலிமையான மருந்து. துணிச்சலான டாக்டர் என்று வார்டே பாராட்டியது. கிருமி எதுவென்று அறிய முதலில் ரத்தம் எடுத்திருக்க வேண்டும் என்பது, மருந்து ஏறி முடிந்த பிறகே அவனுக்கு நினைவுக்கு வந்தது. அப்போது எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக் குப்பியில் அனுப்பினான். தாமதத்தை யாரிடமும் சொல்லவில்லை.

குப்பியில் எதுவும் வளரவில்லை.

காய்ச்சல் தணிந்தது. ஆனால் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கத் தொடங்கியது. இதயத்தில் புதிதாக ஓர் இரைச்சல் கேட்டது. வால்வில் கிருமி கூடு கட்டியிருக்கிறது என்றார் பேராசிரியர் நாச்சியார். அதை அழிக்க வாரக்கணக்கில் மருந்து வேண்டும். எந்த மருந்து என்பதைக் கிருமியிடம்தான் கேட்க வேண்டும்.

“ஏன் வளரலை?”

“சில சமயம் அப்படி ஆகும், மேடம்.”

“சில சமயம்?”

இளமாறன் தரையைப் பார்த்தான். “மருந்துக்கு அப்புறம்தான் ரத்தம் எடுத்தேன்.”

நாச்சியார் கோபிக்கவில்லை. அவன் கோபத்தை எதிர்பார்த்திருந்தான். அது கிடைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“மருந்தை நிறுத்தணும். உடம்புல இருக்கிறது வடியட்டும். மறுபடி ரத்தம் எடுப்போம்.”

“காய்ச்சல் திரும்பிடுமே.”

“திரும்பும்.”

“அவங்ககிட்ட நீங்க சொல்லுங்க, மேடம்.”

“நான் சொன்னா அது சிகிச்சை. நீ சொன்னாத்தான் உண்மை.”

பிலோமினா கட்டிலில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி. விசில் குடுத்தா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்.”

“மருந்தை நிறுத்தலாம்னு இருக்கோம், அக்கா. குப்பியில கிருமி வளரலை.”

“குப்பி சொத்தையா?”

குப்பிக்கு மறுத்துப் பேச வாய் இல்லை. இளமாறனின் தலை ஆமென்று பாதி அசைந்துவிட்டது.

பின்னால் நின்ற நாச்சியார், துணைக்கு வருபவர்கள் உட்காரும் ஸ்டூலை இழுத்துக் கட்டிலருகே போட்டார். அந்த வார்டில் எந்த மருத்துவரும் அதில் உட்கார்ந்ததில்லை.

“உட்கார்ந்து சொல்லு.”

அவன் உட்கார்ந்தான். பிலோமினாவின் முகம் இப்போது அவன் முகத்துக்கு நேரே இருந்தது.

“குப்பி நல்ல குப்பிதான், அக்கா. ரத்தம் எடுக்காம மருந்தை ஏத்திட்டேன். அதுக்கப்புறம் எடுத்த ரத்தத்துல கிருமி வளராது. தப்பு என்னோடது.”

“கிருமியோட வாயைப் பொத்திட்டுப் பேரைக் கேட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“துரத்தின காய்ச்சலை இப்போ நீங்களே கூப்பிடப் போறீங்க.”

“ஆமாக்கா.”

“உசுருக்கு?”

“ஆபத்து இல்லைன்னு சொல்ல முடியாது. நிறுத்தலைன்னாலும் ஆபத்துதான்.”

பிலோமினா இட்லித் தட்டை மூடி வைத்தார். மருந்து ஏறும் கையை அவன் பக்கம் நீட்டினார்.

“கழட்டுங்க.”

அவன் மருந்துக் குழாயைக் கழற்றினான். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தாழ்வாரத்தில் இளமாறன் கேட்டான்: “ஒரு வார்த்தை திட்டலையே, மேடம். மன்னிச்சிட்டாங்களா?”

“ஸ்டூல் அங்கேயே இருக்கட்டும்” என்றார் நாச்சியார். “காய்ச்சல் இன்னும் வரலை.”