பந்தலுக்குள் போன வெட்டிக் கோபுரம்

கோணக்குளம் ஜமீன்தாருக்குத் தோட்டம் இருந்தது, குளம் இருந்தது, குளத்தில் வாத்தும் இருந்தது. குறை ஒன்றுதான். பக்கத்து ஜமீன் புங்கனேரியார் தம் தோட்டத்தில் எதற்கும் உதவாத கோபுரம் ஒன்றைக் கட்டிவிட்டு, சீமையில் பெரிய மனிதர்கள் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்று பீற்றிக்கொண்டிருந்தார். "அதவிட உதவாத கோபுரம் நான் கட்டுறேன், பந்தயம்!" என்று நம் ஜமீன்தார் சொல்லிவிட்டார்.

கட்ட வந்தவர்கள் மூன்று பேர்: வெயிலுமுத்துக் கொத்தனார், அவர் தம்பி கொம்பையா, மருமகன் மந்திரம். மூவரின் மீசையும் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். மீசைக்கு மேலே இருந்த மூளையைப் பற்றி யாரும் பேசியதில்லை.

"கோபுரம் எதுக்காவது பயன்பட்டுதுன்னு வையி, மூணு பேருக்கும் மொட்டை. மீசையும் சேத்து" என்றார் ஜமீன்தார்.

எட்டுப் பட்டை வைத்து, உச்சியில் குமிழ் வைத்து, அழகாகத்தான் கட்டினார்கள். பிறகுதான் பயம் வந்தது.

"அண்ணே, வாசல் இருந்தா ஆளு உள்ள போவாம்லா? அது பிரயோசனந்தான?" என்றான் கொம்பையா.

வாசலை அடைத்தார்கள்.

"மாமா, சன்னல்ல காத்து வருதே" என்றான் மந்திரம்.

சன்னல்களையும் அடைத்தார்கள். வெளிப்புறம் இருந்த படிக்கட்டில் கீழ்ப் பாதியை இடித்துவிட்டு, மேல் பாதியை அந்தரத்தில் விட்டார்கள்.

பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஓர் ஆடு வந்து கோபுர நிழலில் படுத்து அசைபோட்டது.

"போச்சு! பயன்பட்டுட்டே!" கொம்பையா மீசையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அழாதலே. வெயில் பட்டாத்தான கோபுரத்துக்கு நிழல்? வெயில மறச்சிருவோம்" என்றார் வெயிலுமுத்து.

ஊரில் கிடைத்த ஓலையையெல்லாம் திரட்டி, அடிமுதல் உச்சிவரை கோபுரத்தை மூடிப் பந்தல் போட்டார்கள். ஆடு மறுபடியும் வந்து படுத்தது.

"படுக்கட்டும். இது பந்தல் நிழலுல்லா!" என்றார் வெயிலுமுத்து.

பந்தய நாளன்று நம் ஜமீன்தாருடன் புங்கனேரியார் வந்தார். பந்தலை இரண்டு சுற்று சுற்றினார்.

"கோபுரம் எங்க?"

"உள்ளதான்யா இருக்கு" என்றார் வெயிலுமுத்து.

"பாக்கவே முடியலியே!"

நம் ஜமீன்தாரின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் புங்கனேரியார் தலைப்பாகையைக் கழற்றினார். "எங்க கோபுரம் பாக்கவாவது உதவுது. இது அதுக்கும் உதவல. நான் தோத்துட்டேன்."

ஜமீன்தார் துள்ளிக் குதித்தார். "இந்தக் கோபுரத்தாலதான் ஜெயிச்சேன்! வெயிலுமுத்து, என்ன வேணும், கேளு!"

திரும்பிப் பார்த்தால் மூவரையும் காணோம்.

நாவிதர் முன்னால் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். "ஜெயிக்கப் பயன்பட்டுட்டே, பாவிக் கோபுரம்" என்று தேம்பிக்கொண்டே வெயிலுமுத்து தலையை நீட்டினார்.

மந்திரத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். "மாமா, ஆடு படுத்ததுக்குத் தனி மொட்டையா, இல்ல இதுலயே சேந்துருமா?"